‘பசி’யை இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள்!



பேரவை மலருக்குப் படைப்புகள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் போட்டவுடன், நம் ஹாஸ்டலில் பாதிப் பேர் கவிஞர்களாகிவிட்டார்கள். காதல் கவிதைக்கு இந்த மலரில் பஞ்சமிருக்காது. எனவே நான் என் படிப்பைப் பற்றி எழுதுகிறேன். அச்சுத் தொழில்நுட்பத் துறை என்றாலே மற்ற துறை நண்பர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. “கல்யாணப் பத்திரிகை அடிக்கிறதுக்கு மூணு வருஷம் டிப்ளமோவாடா?” என்று மெக்கானிக்கல்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் கல்யாணப் பத்திரிகையைக்கூட ஒழுங்காக அடிக்க நமக்குச் சொல்லித் தரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

சென்ற ஆண்டு டிசைன் பிராக்டிகலில் எங்களுக்கு ஒரு பயிற்சி வந்தது. அதற்கு ‘எக்ஸ்பிரஸிவ் டைப்போகிராஃபி’ என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்ள வேண்டும். படம் எதுவும் போடக் கூடாது. கறுப்பைத் தவிர வேறு நிறம் கூடாது. எழுத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், சாய்க்கலாம், வெட்டலாம், தாளின் ஓரத்துக்குத் தள்ளலாம். பார்த்தவுடனே அந்த வார்த்தையின் அர்த்தம் மனசில் தைக்க வேண்டும். அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு சார் ஒரு தலைப்பெழுத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். ஹெர்ப் லூபாலின் என்ற அமெரிக்கர் 1965-ல் ‘மதர் அண்ட் சைல்ட்’ என்ற பத்திரிகைக்காகச் செய்தது. ‘மதர்’ என்ற சொல்லில் வருகிற ‘ஓ’வின் வட்டத்துக்குள் ‘அண்ட்’ குறி சுருண்டு கிடக்கிறது. அந்தக் குறியின் வயிற்றுக்குள் பொடி எழுத்தில் ‘சைல்ட்’. தாய் வயிற்றில் பிள்ளை! படம் என்று ஒரு கோடுகூட இல்லை. அந்தப் பத்திரிகை கடைசிவரை வெளிவரவே இல்லையாம். ஆனால் தலைப்பு மட்டும் அறுபது வருஷமாக வகுப்பு வகுப்பாக வந்துகொண்டிருக்கிறது. எனக்கு அன்றைக்கு உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். எழுத்து என்றால் படிப்பதற்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பிறகு சார் வார்த்தைப் பட்டியல் கொடுத்தார். ஃபால், ஜம்ப், ஹெவி, சைலன்ஸ், ஹங்கர்... எல்லாம் இங்கிலீஷ். எங்கள் வகுப்பில் 11 பேர் ‘ஃபால்’ எடுத்தார்கள். 11 பேர் தாளிலும் கடைசி எழுத்து கீழே விழுந்து கிடந்தது. இன்டர்நெட்டில் தேடினால் முதலில் வருவது அதுதான். ‘சைலன்ஸ்’ எடுத்தவன் எழுத்தை எறும்பு அளவுக்குச் சிறிதாக்கி நடுத்தாளில் வைத்தான். அதுவும் எங்கேயோ இருப்பதுதான்.

நான் பட்டியலை விட்டுவிட்டுத் தமிழில் செய்தேன். வார்த்தை: பசி.

‘ப’ என்ற எழுத்தை ஒரு நிமிஷம் எழுத்தாக நினைக்காமல் பாருங்கள். இரண்டு பக்கமும் சுவர், அடியில் தரை, மேலே திறந்து கிடக்கிறது. சோற்றுக்கு நீட்டின ஏனம் மாதிரி இல்லை? தாள் முழுக்க ஒரே ஒரு பெரிய ‘ப’. அதன் அடியில், ஒட்டிக்கொண்ட ஒற்றைப் பருக்கை மாதிரி ஒரு குட்டி ‘சி’. கறுப்பு சார்ட் பேப்பரில் பிளேடால் வெட்டினேன். கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மூன்று ராத்திரி ஆகிவிட்டது. ‘சி’யை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். ஏனத்தின் நடுவில் வைத்தால் கோலத்தின் நடுவில் வைத்த பூசணிப்பூ மாதிரி அழகாக இருக்கிறது. பசி அழகாக இருந்தால் சரியில்லையே! மேலே வைத்தால் யாரோ சோறு போடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. வலது மூலையில், சுவரும் தரையும் சேரும் இடத்தில், லேசாகச் சாய்த்து வைத்ததும்தான் ஏனம் காலியாயிற்று. ‘கம்போஸிஷன்’ என்று புத்தகத்தில் இரண்டு பக்கம் இருக்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது அந்த மூன்றாவது ராத்திரிதான். எழுத்தை வைப்பது பாதி வேலை. மீதித் தாளைக் காலியாக விடத் தைரியம் வேண்டும், அது இன்னொரு பாதி.

சார் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லாத்தான்டா இருக்கு. ஆனா ரெக்கார்டு நோட்டுல தமிழ் வேணாம். வெளியிலேருந்து வர்ற எக்ஸாமினர் என்ன சொல்வாரோ... இதையே இங்கிலீஷ்ல போட்டுரு” என்றார். சாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த அமெரிக்கரின் எழுத்தைக் காட்டி என் கண்ணைத் திறந்துவிட்டவரும் அவர்தான். அவருக்கு மேலே ஒரு பயம், அந்தப் பயத்துக்கு மேலே ஒரு வழக்கம். ‘ஹங்கர்’ என்று செய்தேன். இங்கிலீஷிலும் ‘யு’ என்று ஓர் ஏனம் இருக்கத்தான் செய்கிறது, அதையும் காலியாகவே வைத்தேன். 10-க்கு 8 கிடைத்தது. மார்க் போதும்தான். ஆனால் அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது இரண்டு தாளையும் அம்மாவிடம் காட்டினேன். எங்கள் ஊர் சிவகாசிப் பக்கம். அப்பா லோடுமேன். பிரஸ்களுக்கு வருகிற பேப்பர் ரீம்களை லாரியிலிருந்து இறக்குகிற வேலை. அம்மா ஒரு காலண்டர் பட்டறையில் தேதித் தாள் அடுக்குகிறார்கள். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. வாழ்நாள் பூராவும் அச்சடித்த தாளைச் சுமந்தும் அடுக்கியும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவர்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். அப்பாவிடம் 23-க்கு 36 அளவு, 60 ஜி.எஸ்.எம். தாள் ஒரு ரீம் என்ன எடை என்று கேளுங்கள், “16 கிலோ” என்று யோசிக்காமல் சொல்வார். நான் அதை ஃபார்முலா போட்டுத்தான் கண்டுபிடித்தேன். விடை அதேதான் வந்தது.

அம்மா ‘பசி’த் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தண்ணி வத்துன கெணறு மாதிரி இருக்குடா” என்றார்கள். ‘ஹங்கர்’ தாளைப் பார்த்து, “இதுல என்னமோ கோடு கோடா போட்டிருக்க” என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். நான் ஏனம் என்று நினைத்தேன், அம்மாவுக்குக் கிணறு. இருக்கட்டும். வற்றிப்போனது என்பது போய்ச் சேர்ந்துவிட்டதே! எழுத்தே தெரியாதவரிடம்!

அன்றைக்கு ராத்திரி சுவரில் தொங்கின நாள்காட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எங்கள் ஊர்ச் சரக்கு. ஆடிப் பெருக்கன்று அடுத்த வருஷத்து ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தத் தினசரித் தாள் ஒன்றைக் கிழித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தேதி, கிழமை, தமிழ் மாதம், தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம், பன்னிரண்டு ராசிக்கும் பலன். ஒரு கையகலத் தாளில் இத்தனை விஷயம்! ஆனாலும் அறையின் அந்தக் கோடியிலிருந்தே தேதி தெரிகிறது. பக்கத்தில் போனால் கிழமை. மூக்கை ஒட்டினால் ராசிபலன். தேவைப்படுகிற தூரத்துக்குத் தக்கபடி எழுத்தின் அளவு. எங்கள் பாடப்புத்தகத்தில் ‘ஹையரார்கி’ என்று சுவிட்சர்லாந்து போஸ்டர் படத்தைப் போட்டு விளக்குகிறார்களே, அது இதுதான். சிவப்பாக இருந்தால் லீவு. கறுப்பு வட்டம் அமாவாசை, வெள்ளை வட்டம் பௌர்ணமி. என் அம்மாவுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் காலண்டரைத் தப்பாகப் பார்த்ததே இல்லை. அந்தத் தாளை முதன்முதலில் அமைத்தவர் யார் என்று எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. என் கணக்கில் அவரும் ஒரு மேதை.

இதையெல்லாம் ரசனைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தாத்தா இறந்துபோனார். மாமா பக்கத்துக் கடையில் ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தார். தெரு முக்கில் கட்டினோம். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று தங்க நிறத்தில், தடித்த நிழலோடு, பளபளவென்று இருந்தது. இடம் பற்றாமல் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கியிருந்தார்கள். கீழே ‘எங்களை ஆ’ என்று ஒரு வரி முடிந்து, அடுத்த வரி ‘ளாக்கிய ஐயா’ என்று தொடங்கியது. எங்களை ஆளாக்கிய ஐயாவை அப்படி இரண்டாக வெட்டிவிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்போது நான் முதல் வருஷம், தப்பு என்று தெரிந்தது, எதனால் தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் அதே முக்கில் ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ் வந்தது. அதே கடை. அதே தங்க எழுத்து, அதே நிழல். தாத்தா சாவுக்கும் அந்தக் கல்யாணத்துக்கும் வித்தியாசம் போட்டோவில் மட்டும்தான்.

அந்தக் கடைப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அரைமணி நேரத்தில் முடித்துத் தர வேண்டும். துக்கம் என்றால் எழுத்து எப்படி நிற்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நமக்கே சொல்லித் தரவில்லையே! மூன்று வருஷம் டிப்ளமோ படித்த நாமும் அந்தக் கடையில் உட்கார்ந்தால் அதே தங்க எழுத்தைத்தானே தட்டப் போகிறோம்?

“தமிழ் எழுத்து டிசைனுக்குச் சரிப்படாது” என்று ஒரு பேச்சு நம் லேபில் அடிக்கடி காதில் விழும். சரிப்படாது என்பதை நான் ஏற்கமாட்டேன். வேறு மாதிரி என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். இங்கிலீஷில் அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் பெரிய எழுத்துக்குத் தாவிவிடலாம். தமிழில் அந்த வசதி இல்லை. பருமனையும் அளவையும் சுற்றியுள்ள காலி இடத்தையும் வைத்துத்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். (அது தெரியாததால்தான் நிழலையும் பளபளப்பையும் கொட்டுகிறோம் என்பது என் சந்தேகம்.) நம் எழுத்தில் கொம்பு இடப்பக்கம் வரும், கால் வலப்பக்கம் வரும், ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும் வரும். ‘வீ’ மேலே ஏறும், ‘ழு’ கீழே இறங்கும். சாஃப்ட்வேரில் 10 பாயிண்ட் எழுத்துக்குத் தானாக விழுகிற 12 பாயிண்ட் வரி இடைவெளி இங்கிலீஷுக்குப் போட்ட கணக்கு. அதை அப்படியே விட்டால் மேல் வரி ‘ழு’வும் கீழ் வரி ‘வீ’யும் டவுன் பஸ் படிக்கட்டில் நிற்பவர்கள் மாதிரி இடித்துக்கொள்ளும். வார்த்தைகளும் நீளம். நான்கு வார்த்தை சேர்ந்து ஒரே வார்த்தையாக நிற்கும், அதை எங்கே உடைப்பது என்று அறிந்து உடைக்க வேண்டும். என் தாத்தாவை ‘ஆ’வில் உடைத்த மாதிரி உடைக்கக் கூடாது. இவ்வளவும் ஒரு பாடத்துக்கான சரக்கு. இதில் ஒரு பக்கம்கூட எங்களுக்குப் பாடமாக வரவில்லை.

நமக்கு முன்னோடி இல்லையா என்றால் இருக்கிறார்கள். கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சானது 1578-ல். அதற்கும் முன்னாலேயே நம் புலவர்கள் எழுத்தை உருவமாக அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். சித்திரக்கவி என்று தமிழ் வாத்தியார் பத்தாம் வகுப்பில் சொன்னபோது தூங்கிவிட்டேன். இப்போது போய் நூலகத்தில் தண்டியலங்காரத்தைப் புரட்டுகிறேன்! நாகபந்தத்தில் பாம்புகள் பின்னிக் கிடக்கும், அவற்றின் உடம்பு நெடுகப் பாட்டின் எழுத்துகள் ஓடும். பாம்புகள் குறுக்கிடும் இடத்தில் விழுகிற எழுத்து இரண்டு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும். திருவெழுகூற்றிருக்கையில் எண்கள் ஒன்று, இரண்டு, ஒன்று எனத் தொடங்கி ஏழு வரை ஏறி ஏறி இறங்கும், அதைத் தேர் வடிவில் அடுக்கிக் காட்டுவார்கள். சம்பந்தர் பாடியிருக்கிறார், திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். நம் காலத்துக்கு வந்தால் ஓவியர் ஆதிமூலம். 1938-ல் பிறந்து 2008-ல் மறைந்தவர். காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்தவர் என்று பலருக்குத் தெரியும். சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் அவர் எழுதின தலைப்பெழுத்துகளையும் தேடிப் பாருங்கள். தூரிகை எங்கே அழுத்தியது, எங்கே வறண்டது என்பது தெரிகிற தமிழ்!

வேலை என்று ஒன்று இருக்கிறதே, இன்டர்வியூவில் தமிழ்த் தாளைக் காட்டினால் யார் எடுப்பார்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அட்டைப்பெட்டிக் கம்பெனிகளில் பெரும்பாலும் இங்கிலீஷ்தான். உணவுப் பொட்டலத்தில் விவரங்கள் இங்கிலீஷிலோ இந்தியிலோ இருந்தால் போதும், வேறு மொழி வேண்டுமானால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் விதியே இருக்கிறது. அதனால் தமிழுக்கு மிச்சம் மீதி இடம்தான் கிடைக்கும். வீட்டுக் கடன் அடைக்க வேண்டியவன் நான், இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? இரண்டும் வேண்டும் என்கிறேன். நம்மில் எத்தனை பேர் பெரிய கம்பெனிக்குப் போகப் போகிறோம்? பாதிப் பேர் ஊரில் டி.டி.பி. கடை, ஃப்ளெக்ஸ் கடை, சிவகாசி ஆஃப்செட் என்றுதான் போவோம். அங்கே நம்மிடம் வருகிறவர் இங்கிலீஷ் போஸ்டர் கேட்கமாட்டார். காதுகுத்து, வளைகாப்பு, பள்ளி ஆண்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்றுதான் வருவார்.

ஜூனியர்களுக்கு ஒரு உபகாரம். போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழைத் தட்டினால் கொம்பு தனியாக, புள்ளி தனியாக நிற்கிறது என்று பயந்துதான் பலர் தமிழை விட்டு ஓடுகிறார்கள். பழைய பதிப்பாக இருந்தால் டைப் செட்டிங்கில் ‘வேர்ல்டு-ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், எழுத்து சேர்ந்துகொள்ளும். இன்டிசைனில் ‘வேர்ல்டு-ரெடி கம்போஸர்’. எழுத்துரு இல்லை என்ற சாக்கும் இப்போது செல்லாது. ‘காட்டமரான்’ என்ற தமிழ் எழுத்துரு மெல்லிசிலிருந்து தடி வரை ஒன்பது பருமனில் இலவசமாகவே கிடைக்கிறது. துக்கத்துக்கு மெல்லிசு, கடைப் பெயருக்குத் தடி என்று போட்டுப் பாருங்கள். ஆனால் முதலில் பிளேடும் சார்ட் பேப்பரும். கம்ப்யூட்டரில் ‘சி’யை நகர்த்துவது சுலபம், அதனால் யாரும் மூன்று ராத்திரி யோசிக்கமாட்டார்கள்.

துறைக்கும் பேரவைக்கும் என் வேண்டுகோள் பெரியதில்லை. ரெக்கார்டு நோட்டில் இருக்கிற பத்துப் பயிற்சியில் நான்கு தமிழில் இருக்கட்டும், எக்ஸாமினருக்குத் துறைத் தலைவரே ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். ஒரு முறை சிவகாசிக்கு அழைத்துப் போங்கள், மெஷினைப் பார்க்க மட்டும் வேண்டாம், நாள்காட்டித் தாளை அமைக்கிறவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். அதுவரைக்கும் நாமே ஒன்று செய்யலாம். நம் துறை வாசலில் ஒரு போர்டு வருஷம் முழுக்கக் காலியாகத் தொங்குகிறது. திங்கட்கிழமைதோறும் அதில் ஒரு தமிழ் வார்த்தை ஒட்டுவோம். கறுப்பு மட்டும், படம் கூடாது. எந்தத் துறை மாணவரும் ஒட்டலாம், கேலி செய்த மெக்கானிக்கல்காரர்களும்தான்.

முதல் வாரம் நான் ‘பாரம்’ ஒட்டுகிறேன். ‘ம்’மின் மேல் இருக்கிற புள்ளியை 16 கிலோவாக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது வாரம் யார்?

- மூன்றாம் ஆண்டு மாணவன்,
அச்சுத் தொழில்நுட்பத் துறை